செத்த ஆமைக்குப் பதினொரு குஞ்சுகள்

ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்...

இன்ஸ்பெக்டர் சக்கரபாணி ரிசீவரை எடுத்தார்.

"சார்... மூலக்குளம் ஆமைப் பண்ணையிலேர்ந்து பொலின். டி.என்.ஏ. பாக்கற பொண்ணு. செத்துப்போனவனுக்குக் குழந்தை பொறந்திருக்கு சார்!"

"எத்தினி?"

"பதினொண்ணு!"

"காலையிலேயே ஆரம்பிச்சிட்டியாம்மா?"

"சத்தியமா சார்... அப்பன் கப்பித்தேன்!"

சக்கரபாணி நாற்காலியை விட்டு எழுந்தார்.

கப்பித்தேன்... இரண்டு வருடமாக அவர் மறக்க முயலும் பெயர்!

2006. அழிந்துகொண்டிருக்கும் ஆற்று ஆமை இனத்தின் கடைசிச் சில ஆண்களில் ஒன்று கப்பித்தேன். அது செத்துவிட்டது, எரித்துவிட்டேன் என்றார் பண்ணை டைரக்டர் ஜோர்தான். தீனி போடும் அல்போன்ஸ் மருந்தை மாற்றிக் கொடுத்ததுதான் காரணம் என்றார்.

மூன்றாம் நாள் தொட்டியில் அல்போன்ஸ் மிதந்தான்!

'குற்ற உணர்ச்சியில் தற்கொலை.' அப்படி எழுதி ஃபைலை மூடியவர் சக்கரபாணிதான்.

அல்போன்ஸின் மனைவி ரோசா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மாதம் தவறாமல் ஸ்டேஷனுக்கு வந்தாள். இன்றும் வாசலில் நின்றாள்.

"இன்னைக்குக் கல்லறைத் திருநாள் சார். எல்லா கல்லறையிலயும் மெழுகுவத்தி. என் புருஷன்கிட்ட மட்டும் ஒருத்தரும் வர்றதில்ல. தானா செத்தவன்னு பிள்ளைங்களை இழுத்துக்கினு போறாங்க. அந்த வார்த்தைய அடிச்சிடுங்க சார்!"

"அன்னைக்கு என்னம்மா சொன்னே? மறுபடி சொல்லு."

"செத்த ஆமை ஜோர்தான் வீட்டுக் கொல்லையில நடக்குதுன்னு அவர் வந்து சொன்னாரு. மறுநா பொணம். நீங்க எழுதிக்கல... 'பேயைப் பாத்தானா?'ன்னு சிரிச்சீங்க."

இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஜீப்ல ஏறு!"

பண்ணை. வரிசையாகத் தொட்டிகள். அசையாத பச்சைத் தண்ணீர். எந்தத் தொட்டியை எட்டிப் பார்த்தாலும் அல்போன்ஸின் ஊதிய முகம் மேலே வருவது போலிருந்தது...

பொலின் காகிதத்தை நீட்டினாள்.

"அண்ணன் தங்கச்சியை ஜோடி சேத்துட்டா குஞ்சுங்க நோஞ்சானாப் பொறக்கும் சார். இனமே போயிடும். அதனால ஒவ்வொரு குஞ்சுக்கும் ரத்தம் எடுத்து அப்பன் ஆத்தா யாருன்னு பாப்போம். நம்ம டைரக்டர் முசியே ஜோர்தான் போட்ட ரூல்தான்."

"அப்படின்னா கப்பித்தேன் உயிரோட இருக்கான்!"

"பிராவோ!"

பின்னால் கைதட்டல். ஜோர்தான்!

"இன்ஸ்பெக்டர்... பெண் ஆமை, ஆணோட விந்தை உடம்புலயே வருஷக்கணக்கா சேத்து வெச்சிருக்கும். அப்பன் செத்தப்புறமும் குஞ்சு பொரியும். பொலின், பொய்யா?"

பொலின் தலை குனிந்தாள். "நிஜம்தான் சார்..."

ரோசாவின் முகம் சுண்டியது. ஜோர்தான் சிரித்தார்.

"முட்டை போட்டவ மதாம்ங்கற பெண் ஆமை. கப்பித்தேனோட பழைய ஜோடி. பேய் பிசாசு ஒண்ணும் இல்ல. கிளம்புறீங்களா?"

"மதாமா?" பொலின் நிமிர்ந்தாள். "நீங்க பாத்தீங்களா முசியே?"

"பாக்கணுமா? இருக்கறதே ரெண்டு பொண்ணு. பெபேதான் ஏற்கெனவே முட்டை போட்டு முடிச்சிட்டாளே..."

சட்டென்று நிறுத்தினார்.

"பெபே போட்டாளா? எங்க? நம்ம ரிஜிஸ்டர்ல இல்லையே!"

ஜோர்தானின் நெற்றியில் வியர்வை!

"ஆத்தா யாருன்னும் பாத்துட்டேன் முசியே. மதாம் இல்ல... பெபே! அவ இங்க வந்ததே போன வருஷம். கப்பித்தேன் செத்ததாச் சொன்னதுக்கப்புறம்! பாக்காத புருஷனோட விந்தை எங்கேர்ந்து சேத்து வெச்சா?"

சக்கரபாணி மீசையைத் தடவினார். "பெபே எப்பனா வெளிய போனாளாம்மா?"

"உடம்பு சரியில்லன்னு முசியே அவர் வீட்டுக்குத் தூக்கிக்கினு போனார் சார். அங்க ஒரு தடவை போட்டிருக்கா. ஆமை ஒரே சீசன்ல ரெண்டு தடவையும் போடும். மிச்சத்தை இங்க வந்து போட்டுட்டா!"

பண்ணையை ஒட்டிய ஜோர்தான் வீட்டுக் கொல்லை. தகரம் மூடிய சிமெண்ட் தொட்டி. இரண்டு கான்ஸ்டபிள்கள் தகரத்தைத் தள்ளினார்கள்.

தண்ணீர் கலங்கியது...

மெல்ல ஒரு தலை மேலே வந்தது. ஓட்டின் ஓரத்தில் ஏழு அடையாள வெட்டுகள். பண்ணையில் ஏழு வெட்டு போட்டது ஒரே ஆமைக்குத்தான்.

கப்பித்தேன்!

ரோசா வாயைப் பொத்திக்கொண்டாள். "அவர் பாத்தது நெசம்... அவர் பாத்தது நெசம் சார்!"

"ஆமாம்மா. இங்க குஞ்சு பொரிச்சு வெளிநாட்டுக்கு வித்திருக்கான். உன் புருஷன் பாத்துட்டான். அதுக்குத்தான் இவன் கொன்னிருக்கான். நான்தான்..." சக்கரபாணி தொப்பியைக் கழற்றினார். "அந்த வார்த்தைய இன்னைக்கே என் கையால அடிக்கறேன்."

விலங்கு மாட்டப்பட்ட ஜோர்தான் உதட்டைச் சுழித்தார்.

"ஒரு ஆமையை சாட்சியா வெச்சா கேஸ் நடத்தப் போறீங்க?"

"என்ன பண்றது முசியே? பேசற சாட்சியைத்தான் நீங்க தண்ணியில முக்கிடறீங்க... இதை முக்கினாலும் சாகாது!"