ஒண்ணாம் நம்பர் கேட்ட கொசுறு

வீட்டில் ஐந்து பேர். மேஜையில் நான்கு டம்ளர் காபி.

முழங்கால் வலி என்று மாதக்கணக்கில் அடுப்படிப் பக்கமே வராத மாமியார், மூத்த மருமகளுக்குக் காபி கொடுக்காமல் இருப்பதற்காகவே அன்று முன்னதாக எழுந்து காபி போட்டிருந்தாள். பகை என்று வந்துவிட்டால் முழங்கால் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது!

"அத்தை, எனக்கு...?" என்றாள் பெரியவள்.

"ஏன், கோட்டுப் போட்டவனோட நாள்கணக்கா ரூமுக்குள்ள உக்காந்து பேசினியே, அவன் ஊத்தித் தர மாட்டானா? அங்க போய்க் குடி!"

சின்ன மருமகள் டம்ளருக்குள் சிரித்தாள்.

விஷயம் இதுதான். பெரியவளும் அவள் கொழுந்தன் சின்னவனும் ஒரே விமானக் கம்பெனியில் பயணிகள் கவுண்டரில் வேலை. அவள் நிரந்தரம், சர்வீஸில் எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் அங்கே அவளுக்கு 'ஒண்ணாம் நம்பர்' என்றே பெயர். அவன் வருஷக்கணக்காகத் தற்காலிகம். யூனியனுக்கும் கம்பெனிக்கும் புது ஒப்பந்தப் பேச்சு நடந்தது. பேசப் போன குழுவில் அவளும் ஒருத்தி. பேச்சு முடிந்தது, சாயங்காலம் ஓட்டு. அதற்குள் 'தற்காலிகக்காரங்களை வித்துட்டாங்க' என்று எவனோ கொளுத்திப் போட்டுவிட்டான்.

சின்னவன் யூனிபாரத்தின் டையை இறுக்கிக்கொண்டே முன்னால் வந்து நின்றான். "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க அண்ணி. எங்களை வித்துட்டீங்களா, இல்லையா?"

"சாயங்காலம் கூட்டத்துல படிப்பாங்கடா. அதுவரைக்கும் ரூம்ல பேசினத வெளிய பேசக் கூடாது. வாக்குக் கொடுத்திருக்கோம்."

"வீட்டுக்குள்ளயுமா?"

"வீட்டுக்குள்ளதான் முக்கியமா."

சொல்லும்போதே அவள் உதட்டில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. கவுண்டர் சிரிப்பு. எதிரே நிற்பவர் எவ்வளவு கத்துகிறாரோ அவ்வளவுக்குக் குரலை இறக்கு, உதட்டை விரி என்று சொல்லிக் கொடுத்த சிரிப்பு. யூனிபாரத்தைக் கழற்றுவதுபோல் அதைக் கழற்ற அவளுக்குத் தெரியவில்லை. வேலையில் பதக்கம் வாங்கித் தந்த அதே சிரிப்பு வீட்டில் திமிர் என்று பெயர் வாங்கியிருந்தது.

"பாரும்மா, சிரிக்கிறாங்க! என் பொழப்பு போகப் போகுது... இவங்க சிரிக்கிறாங்க!"

"ஏன் சிரிக்க மாட்டா?" மாமியார் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். கண் காய்ந்துதான் இருந்தது. "ஒண்ணைப் பெத்து வளத்திருந்தா வயிறு எரியும். இவளுக்கு எங்க எரியப் போவுது?"

இந்த வீட்டுக்குப் பெரியவள் வந்தபோது சின்னவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவன் தலையை வாரிவிட்டது அவள். பரீட்சைக்கு எழுப்பியது அவள். கவுண்டர் வேலையில் சேர்த்துவிட, மேனேஜர் வீட்டுப் படியேறிக் காத்துக் கிடந்ததும் அவள்தான்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அடுத்த வீட்டு ஆபத்தெல்லாம் அத்துப்படி. பத்திரிகையை மடிக்காமலே சொன்னார்: "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு."

வெறும் வயிற்றோடு அவள் வேலைக்குப் போனாள்.

அந்த ரூமில் நடந்தது அவளுக்கு மட்டும் கசப்பு மாத்திரைபோல் நாக்கில் நின்றது. கம்பெனிக்காகப் பேச வந்த கோட்டுக்காரர் கெட்டிக்காரர். முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு கடையை விட்டு எழுந்து போகிறவர்போல் நாற்காலியைத் தள்ளினார். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, அவரே திரும்பி வந்து உட்கார்ந்தார். கடைசி நாள்தான் முடிச்சை அவிழ்த்தார்.

"சரி, தற்காலிகக்காரங்க எல்லாரையும் நிரந்தரமாக்கறோம். ஆனா சீனியாரிட்டி, எல்லாருக்கும் விமான நிலையக் கவுண்டர்ல முதல்ல நின்ன நாள்லேர்ந்துதான். வேற எந்த சர்வீஸும் கணக்கில்லை. இதுல ஒரே ஒருத்தருக்குத்தான் நஷ்டம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அதுவரை அவள் வேலை பார்த்த நகரத்து டிக்கெட் ஆபீஸை மூடி அவளை விமான நிலையத்துக்கு மாற்றியது போன வருஷம்தான். இந்த விதி வந்தால் இத்தனை வருஷ சர்வீஸும் அழிந்து, சின்னவனுக்கும் பின்னால், கடைசி ஆளாய் நிற்பாள். ஷிப்டைத் தேர்ந்தெடுப்பது சீனியாரிட்டிப்படி. கடைசி ஆளுக்குக் கிடைப்பது இரவு மட்டும்தான்.

"வேண்டாம்மா, எந்திரி. நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் யூனியன் செயலாளர். மைக்கே தேவைப்படாத ஆள், 'தொண்டை' என்பார்கள். அன்று அவர் குரலே எழும்பவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. "சரி, ஒத்துக்கறேன். ஆனா இவ்வளவு பெரிய விலையை வாங்கிட்டு ஒரு கொசுறு கூடத் தரலேன்னா எப்படி சார்? நிரந்தர இரவு ஷிப்டுக்காரங்களுக்கு ஸ்டாஃப் குடியிருப்புல ஆளுக்கொரு ரூம். பூட்டும் சாவியுமா."

கோட்டுக்காரர் சிரித்துவிட்டார். சந்தோஷத்தில் இருக்கும் வியாபாரி கொசுறை அளந்து போடுவதில்லை. "எழுதிக்குங்க" என்றார்.

சாயங்காலம் ஒப்பந்தத்தைப் படித்தார்கள். 'தற்காலிகம்' ஒழிந்தது என்றதும் எழுந்த கைதட்டலில் மிச்ச விதிகளை யாரும் காதில் வாங்கவில்லை. ஓட்டு அமோகமாக விழுந்தது. சின்னவனைத் தோளில் தூக்கினார்கள்.

வீட்டில் இனிப்பு வந்தது. "என் புள்ள தொண்டை கிழியக் கத்தி வாங்கினான்! கூடவே இருந்து குழி பறிக்கப் பாத்தாளே... நடந்துச்சா?" என்று மாமியார் சுவரைப் பார்த்துக் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவளுக்கு நன்றாகவே கேட்டது. ஒரே ஒருவர் வந்து, 'என்னதாம்மா நடந்துச்சு?' என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் சொன்னால் கொடுத்ததற்கு ரசீது கேட்டதாகிவிடும்.

அடுத்த வாரம் ஷிப்ட் எடுக்கும் நாள். ஊழியர் அறையில் பெரிய பலகை. வரிசைப்படி கூப்பிடக் கூப்பிட, அவரவர் தன் பேர் அட்டையை வேண்டிய ஷிப்டின் கொக்கியில் மாட்ட வேண்டும். பழக்கதோஷத்தில் எல்லோரும் ஒதுங்கி ஒண்ணாம் நம்பருக்கு வழி விட்டார்கள். அவள் நாற்காலியில் அசையாமல் இருந்தாள். தொண்டை வேறு பெயரைக் கூப்பிட்டார். பிறகு வேறு. அவளிடம் பயிற்சி வாங்கிய பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள்.

பலகை ஏறக்குறைய நிறைந்தது. சின்னவன் முறை. மிஞ்சியது இரண்டு கொக்கி: ஒன்று பகல், ஒன்று இரவு.

அட்டையோடு போனவன் திரும்பிப் பார்த்தான். அண்ணி மட்டும்தான் பாக்கி.

"என்ன சார் இது... அண்ணி ஏன் இன்னும் உக்காந்திருக்காங்க?"

"உன்னை நிரந்தரமாக்க அந்தம்மா தன் சர்வீஸைத் தூக்கிக் கொடுத்துட்டு உக்காந்திருக்குடா!" இந்த முறை தொண்டையின் குரல் கூரையைத் தொட்டது. "கூட்டத்துல விதியைப் படிச்சப்ப நீ தோள்மேல இருந்தே. காதுல விழுந்திருக்காது!"

சின்னவன் முகம் வெளுத்தது. கண் நிறைந்தது. அட்டையைப் பிடித்த கை இரண்டு கொக்கிகளுக்கும் நடுவில் நின்றது. அறை முழுவதும் அந்தக் கையையே பார்த்தது. பெரியவளும் பார்த்தாள். இது போதும், இந்தத் தயக்கமே போதும் என்று ஒரு விநாடி நினைத்துவிட்டாள்.

"எனக்குக் கல்யாணமாகி இப்பதானே அண்ணி..." என்றான். "நீங்க... நீங்க எப்படியும் சமாளிச்சுப்பீங்க."

பகல் கொக்கியில் அட்டை மாட்டிய சத்தம் 'டிக்' என்று கேட்டது.

அவள் எழுந்து போனாள். இரவுக் கொக்கியில் தன் அட்டையை மாட்டி, கோணலாக இருந்த அவனுடைய அட்டையையும் நேராக்கிவிட்டு வந்தாள்.

செய்தி அவளுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. வாசலிலேயே மாமியார் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "என் குலதெய்வமே! உன்னைப் போயி என்னெல்லாம் சொல்லிட்டேன்... இந்த நாக்கு அழுகிப் போக!" இந்தத் தடவை நிஜக் கண்ணீர், பெரியவளின் தோள் நனைந்தது. சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். சின்னவன் அவள் கையைப் பிடித்து முகத்தில் அறைந்துகொண்டான். "அடிங்க அண்ணி! என்னை அடிங்க!"

அவள் அவன் தலையை வருடினாள். ஒரு நிமிஷம் அவளும் அழுதாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டு பேரும் சம்மதிச்சா ஷிப்டை மாத்திக்கலாம்டா. நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு. மாத்திக்கலாமா?"

குழாயை மூடியதுபோல் அழுகை நின்றது.

சின்னவன் மனைவியைப் பார்த்தான். மனைவி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மூக்கைச் சிந்தி, தொண்டையைச் செருமினாள். "அதான் எல்லாம் எழுதியாச்சே, இனிமே எதுக்கும்மா குழப்பம்? நீ ராத்திரி போயிட்டு வந்தாலும்... காலையில வந்து சமையலை முடிச்சிட்டு நிம்மதியா தூங்கலாமே!"

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போனாள். ஒரு பெட்டியோடு வெளியே வந்தாள். அடுக்களைச் சாவியை மேஜைமேல், காபி டம்ளர்கள் இருந்த இடத்தில் வைத்தாள்.

"ஐயோ, எங்க கெளம்பிட்டே?" என்றாள் மாமியார்.

"ஸ்டாஃப் குடியிருப்புக்கு. ஒரு ரூம் வாங்கியிருக்கேன்."

கணவர் பதறி எழுந்து பெட்டியை வாங்கினார். தூக்கியதும் திகைத்தார். "என்ன, கனமே இல்லையே?"

"எத்தனையோ பேர் பெட்டியை எடை போட்டிருக்கேங்க. இந்த வீட்டுல என்னோடதுன்னு எடுத்தா இவ்வளவுதான் வருது." பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தா நீங்க இங்கயே இருங்க. ஒரு பக்கம்தான்னு தெரிஞ்சா வாங்க, கதவைத் திறக்கறேன்."

அவர் செருப்பைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

"நாங்க வந்தா...? எங்களையும் பாப்பே இல்ல?" மாமியார் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

பெரியவள் திரும்பினாள். குரல் இறங்கியது, உதடு விரிந்தது. அதே கவுண்டர் சிரிப்பு.

"நீங்க வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கீங்க அத்தை. இடம் இருந்தா கூப்பிடறோம்."