ஒரு வாய்த் தண்ணீர்

மலைப்பாதையில் ஊற்று எதிர்ப்படும்போதெல்லாம் மித்ரோஸின் தோளில் தொங்கிய ஆட்டுத்தோல் பை நீர்ப் பக்கமாகச் சாய்ந்தது. காற்றே இல்லாத அந்த அந்தியில், உலர்ந்த மூலிகைச் செடிகளின் மணத்துக்கும் தொலைவில் கேட்ட ஆட்டுமணிகளின் ஓசைக்கும் நடுவே, அவன் அதை மறு தோளுக்கு மாற்றிப் பார்த்தான். பை அவன் முதுகைத் தாண்டி, மெல்ல, மறுபடியும் நீர்ப் பக்கமே நகர்ந்தது.

உள்ளே அவன் தோழன் ஸ்தமூலிஸின் தலை இருந்தது.

காயம்பட்டு நடக்க முடியாதவனின் தலையைத் தோழனே வெட்டி எடுத்துவர வேண்டும். இல்லாவிட்டால் சுல்தானின் ஆட்கள் அதை ஈட்டியில் குத்திக் கொண்டுபோவார்கள். கிரேக்க மலைப்போராளிகளிடையே அதுதான் கடைசி மரியாதை. மீசை முற்றாத இளம் தலைவனான மித்ரோஸ் அதில் தவறவில்லை.

"ஒரு வாய்த் தண்ணி குடுத்துட்டு வெட்டுடா" என்று மட்டும் ஸ்தமூலிஸ் கேட்டிருந்தான். மித்ரோஸின் இடுப்புக் குடுவை நிறைந்திருந்தது. துரத்தி வந்தவர்களின் குதிரைகள் இன்னும் தொலைவில்தான் இருந்தன. ஆனாலும் அவன் அவசரப்பட்டு, தண்ணீர் கொடுக்காமலே வெட்டிவிட்டான்.

ஸ்தமூலிஸின் தாய் அசீமோ வாசலிலேயே நின்றிருந்தாள். பையை இரு கைகளாலும் வாங்கி, மாதா படத்தின் முன் எரிந்த விளக்கடியில் வைத்தாள். அழவில்லை.

"எந்தோட்டத்துல திராட்சை திருடுன பய. இப்ப இடுப்புல வெள்ளித் துப்பாக்கி வேறயா? ஒக்காரு, கேப்டன்."

"அத்தை..."

"எம்புள்ள தண்ணி குடிச்சிட்டுத்தானே போனான்?"

தாகத்தோடு போன உயிர் அடங்காது என்பது அந்த ஊர்த் தாய்மார்களின் பயம். அவள் முகத்தைப் பார்த்து அவனால் உண்மை சொல்ல முடியவில்லை.

"குடிச்சான் அத்தை. எங்கையாலதான் குடுத்தேன்."

"நீ நல்லா இருப்படா. எனக்கு அது போதும்."

அவள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். எண்ணெய் மணம். சுவரில் பையின் நிழல். பிறகு ஒரு சத்தம். காய்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

அவளுக்குக் கேட்கவில்லை.

"ஒனக்கும் தொண்டை காஞ்சு கெடக்கும்" என்று மண்கிண்ணத்தில் நீர் மொண்டு நீட்டினாள்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாய் திறந்தான். அதற்குள் கிண்ணம் உதட்டில் பட்டது. குடித்தான். குளிர்ந்த நீர். தொண்டை வரை வந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

பைக்குள் யாரோ விழுங்கினார்கள்.

மடக். மடக்.

"இன்னும் ஊத்தட்டுமாடா?"

கழுத்தைச் சுற்றி நூல்போல் ஒரு குளிர். தலையசைக்க அஞ்சினான். இரு கைகளாலும் தன் தலையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அசீமோ, பெற்றவளின் அன்போடு, அவன் வாயில் மறுபடி ஊற்றினாள்.