மண்வீட்டுக்குப் பால் காய்ச்சியவள்

அம்மாவின் பூசை மணி அன்று ஒலிக்கவில்லை.

சிவசக்தி முதலில் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்த அறையில் மடிக்கணினியின் முன்னால் இருந்தபடி, சாம்பிராணிப் புகையும் தேவாரம் சொல்லும் அம்மாவின் முணுமுணுப்பும் கதவிடுக்கால் வருவதை அரைமனத்தோடு உணர்ந்துகொண்டிருந்தவள், ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றிய பிறகுதான் எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். கலாதேவி சாமித்தட்டின் முன் நின்று மணியை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். கை அசைந்தது. மணியின் நாக்கும் அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை.

நாக்குத் தேய்ந்துபோயிருக்கும், புதிதாக ஒன்று வாங்கவேண்டும் என்றாள் அம்மா. வெளியே டோர்ட்மண்டின் மார்கழிப் பின்னேரம் அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. சாமித்தட்டில், பிள்ளையாருக்கும் இறந்துபோன அப்பா தங்கராசாவின் படத்துக்கும் நடுவில், விளக்கு வெளிச்சத்தில் அந்த மண்வீடு பச்சையாகப் பளபளத்தது.

முழ உயர வீடு. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் சீனக் குயவன் ஒருவன் பச்சை மெருகு பூசிச் சுட்டது. இரண்டு மாடி, ஓட்டுக்கூரை, முற்றத்தில் கிணறு, மூலையில் நெற்களஞ்சியம், அடுப்போடு சேர்த்து ஒட்டிச் சுட்ட பானைகள், பாதி திறந்த கதவு. ஊருக்கு வெளியே வாழும் ஒரு ஜெர்மன் சேகரிப்பாளர், அளந்து வரைந்துவிட்டுத் திருப்பித் தரச்சொல்லி இரவல் கொடுத்திருந்தார். சிவசக்தி கொலோனில் சீனக் கலை வரலாற்றில் ஆய்வு செய்கிறாள்.

அந்தப் படிப்பால் அவள் அம்மாவிடம் ஒருநாளும் நல்ல பெயர் வாங்கியதில்லை. கோயிலில் யாராவது மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால், "ஏதோ சீனச்சட்டி" என்று சொல்லிவிட்டு, தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதைக்கு மாறிவிடுவாள் கலாதேவி. மகள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வாள். அந்தக் கசப்பை விழுங்கி விழுங்கியே சிவசக்திக்கு வயது போய்விட்டது.

ஆனால் மண்வீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று, அம்மா ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். குட்டி யன்னல்களுக்குள் எட்டிப் பார்த்தாள். கிணற்றின் விளிம்பை விரலால் தடவினாள்.

"இது ஆருக்குக் கட்டினது, பிள்ளை?"

செத்தவர்களுக்கு. மறு உலகத்தில் குடியிருப்பதற்காகப் பிணத்தோடு புதைக்கச் செய்தது. அதைச் சொன்னால் செத்தவீட்டுச் சாமான் என்று அம்மா அதை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய்த் தலைமுழுகுவாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் படிப்பைப் பார்த்து மலர்ந்த அந்த முகத்தை இழக்கச் சிவசக்திக்கு மனம் வரவில்லை.

"ஒரு பெரிய குடும்பத்துக்கு அம்மா," என்றாள்.

மறுநாள் கொலோனிலிருந்து திரும்பியபோது எல்லாம் முடிந்து, மண்வீடு சாமித்தட்டில் ஏறியிருந்தது. களஞ்சியத்துக்குள் அரிசி. கிணற்றுக்குள் தண்ணீர். நிலையில் சந்தனமும் குங்குமமும், வாசலில் சின்ன விளக்கு. குசினியில் பால் காய்ச்சிப் பொங்கவிட்டு, அதில் ஒரு சொட்டை மண்பானைக்கும் விட்டிருந்தாள் அம்மா. புதுவீட்டுக்குச் செய்வதுபோல முறைப்படி ஒரு குடிபூரல்.

சேகரிப்பாளருக்கு என்ன பதில் சொல்வது என்ற பதற்றத்தில் சிவசக்தி கத்திவிட்டாள். கலாதேவி கோபிக்கவில்லை.

"கொப்பாவும் நானும் இந்த நாட்டில கடைசிவரைக்கும் வாடகை வீட்டிலதான் இருந்தம். சொந்தமா ஒரு வீட்டுக்குப் பால் காய்ச்ச எனக்கு வாய்க்கேல்லை. இது இருட்டிக் கிடக்கு, பாவம்."

விளக்கு அங்கேயே எரிந்தது.

இப்போது அம்மா மணியை வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். ஆவி நன்றாகப் பறந்தது. சிவசக்தி ஊதி ஊதிக் குடித்தாள். சுடவில்லை. இனிக்கவில்லை, துவர்க்கவில்லை, ஈரமாகக்கூட இல்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் ஒரு வெங்காயத்தை வெட்டிப் பார்த்தாள். கத்தி அதன் தோலைக்கூடக் கீறவில்லை. இழுப்பறையிலிருந்து வேறொரு கத்தி எடுத்தாள். அதுவும் அப்படித்தான். குழாயிலிருந்து தண்ணீர் கம்பிபோல இறங்கியது, தொட்டியில் விழும் சத்தம் இல்லாமல்.

புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. பழைய சீனத்தில் இறந்தவருக்கு வைக்கும் பொருள் பார்வைக்குச் சரியாக இருக்கவேண்டும், பாவனைக்கு உதவக்கூடாது. யாழ் வைப்பார்கள், சுருதி சேர்க்கமாட்டார்கள். மணி வைப்பார்கள், தொங்கவிடமாட்டார்கள். இருப்பவர் வீடு எது, இறந்தவர் வீடு எது என்று அப்படித்தான் பிரித்துவைத்தார்கள். வெறுமையாய் இருக்கவேண்டிய வீட்டில் அம்மா அரிசி நிரப்பி, தண்ணீர் நிரப்பி, விளக்கும் ஏற்றியிருக்கிறாள். அது வீடாகிவிட்டது. அப்படியானால் தாங்கள் இருக்கும் இந்த வீடு?

குசினியிலிருந்து வந்த வேகத்தில் அவள் அம்மாவின் குளிர்ச்சட்டையை எடுத்து நீட்டினாள்.

"இதைப் போடுங்கோ அம்மா. இப்பவே அந்த மண்வீட்டைத் திருப்பிக் குடுக்கப் போறம். நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். இது செத்த ஆக்களுக்குச் செய்த வீடு."

கலாதேவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. நாக்கும் அசைந்தது.

சத்தம் மட்டும் இல்லை.

சிவசக்தி வாசலுக்கு ஓடினாள். பிடியைத் திருகினாள். திரும்பியது. கதவு அசையவில்லை. குனிந்து பார்த்தாள். சாவித்துளை இருந்த இடத்தில் ஒரு குழி. துளை இல்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே இடைவெளி இல்லை. ஒரு கோடுதான். ஈரமண்ணில் கீறியதுபோல ஒரு கோடு.

யன்னல். வெளியே தெருவிளக்குகள், மரங்கள், நிறுத்திய கார்கள். கண்ணாடியைக் கையால் அடித்தாள். கண்ணாடி இல்லை. குளிர்ந்த, வழவழப்பான, கெட்டியான ஏதோ ஒன்று. இலேசான பச்சை.

அப்போதுதான் மணி ஒலித்தது.

தெளிவாக. கணீரென்று. சாமித்தட்டில், மண்வீட்டுக்குள்ளிருந்து.

திரும்பினாள். மண்வீட்டின் எல்லா யன்னல்களிலும் வெளிச்சம். அடுப்புப் புகை. பால் பொங்கும் மணம். முற்றத்தில் யாரோ கிணற்று வாளியை இறக்கும் சத்தம். உள்ளே ஒரு ஆண் இருமினார். அப்பாவின் இருமல். அதற்குப் பின்னால், பாதி திறந்த கதவின் இடுக்கால், அம்மாவின் குரல். யாரோ வந்தவர்களோடு நிதானமாக, சந்தோசமாகக் கதைக்கும் குரல்.

"ஓம், என்ர மகள்தான். சீனத்துக் கலை படிக்கிறாள். இது அவள் கொண்டுவந்து தந்த வீடு."

எத்தனை வருடமாகக் கேட்கக் காத்திருந்த சொல்.

"அம்மா!"

கத்தினாள். தொண்டை அதிர்ந்தது. எதுவும் கேட்கவில்லை.

மண்வீட்டின் கதவு உள்ளிருந்து மெல்லச் சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அதன் முன்னால் கலாதேவி, கண் மூடி, உதட்டில் தேவாரத்தோடு, சுட்ட மண்பொம்மைபோல, சத்தமில்லாத மணியை ஆட்டிக்கொண்டே நின்றாள்.