மயிலுக்கு மஞ்சள் வெளிச்சம்

வெளிச்சம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நஃப்லாவிடம் வந்ததற்குக் காரணம் அவளுடைய வாய்தான்.

பள்ளிக்கூடக் கலைவிழாவை அந்த முறை சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு வைப்பதென்று முடிவாகியிருந்தது. தை மாதம். பகலில் பெற்றோர் எல்லோரும் வயலில் நிற்பார்கள். பகலில் விழா வைத்தால் ஆள் இருக்காத வெறும் கதிரைகள்தான் நடனம் பார்க்கும். ஆனால் ஊருக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. ஜெனறேற்றரையும் விளக்குகளையும் துணுக்காயில் மாயாண்டி என்பவரின் கடையில்தான் வாடகைக்கு எடுக்கவேண்டும்.

"மாயாண்டி அண்ணையோட கதைச்சு வெல்ல என்னால ஏலாது," என்றார் நடனம் பழக்கும் கமலாசனி ரீச்சர். "உங்கட வகுப்பில ஆர் நல்லாக் கதைக்கிறது?"

ஆறாம் வகுப்பு முழுவதும் நஃப்லாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் அப்போதும் பக்கத்தில் இருந்த யதுர்ஷிகாவோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ரீச்சர் சைக்கிளை மிதிக்க, நஃப்லா பின் கரியரில் ஏறியிருந்து போனாள். ரீச்சரின் கையில் இருந்த காசைப் பார்த்ததும் மாயாண்டி தலையைச் சொறிந்தார்.

"இந்தக் காசுக்கு ஜெனறேற்றரோட ரெண்டில ஒண்டுதான் தரலாம் ரீச்சர். நாலு வெள்ளை ரியூப் லைற். இல்லாட்டிப் பத்து மஞ்சள் பல்ப்."

இரண்டையும் கொளுத்திக் காட்டினார். வெளியே நல்ல வெயில். ரியூப் லைற் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பளிச்சென்று எரிந்தது. கடையின் மூலையில் இருந்த சிலந்தி வலைகூடத் தெரிந்தது. மஞ்சள் பல்ப் எரிகிறதா இல்லையா என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

"இது நித்திரையால இன்னும் எழும்பேல்லைப் போல," என்றாள் நஃப்லா. "எங்களுக்கு ரியூப் லைற்தான் வேணும். வயரும் சேர்த்துத்தானே மாமா?"

"ஓம், வயரும்தான்."

"கட்டுறதுக்குக் கயிறு?"

"அதுவும் தாறன்."

"கம்பம்?"

"பிள்ளை, என்ர கடையை மட்டும் விட்டிட்டுப் போ. எனக்கு இருக்க வேற இடமில்லை."

நஃப்லாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வழி நெடுகிலும் ரீச்சருக்கு அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

புதன்கிழமை பொழுதுபட ஒத்திகை நடந்தது. மேடை என்பது பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்துச் சீமெந்துத் திண்டு. அதற்குப் பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் வயல். நடனம் மயில் நடனம். மயில் யதுர்ஷிகா. வேறு ஐந்து பிள்ளைகள் மேகங்கள்.

நாலு ரியூப் லைற்றும் ஒன்றாக எரிந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். ஐந்து நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. முதலில் ஒரு விட்டில் வந்தது. அதன் பின்னால் பச்சைப் பூச்சி வந்தது, கறுப்பு வண்டு வந்தது, பெயர் தெரியாத இன்னும் என்னவெல்லாமோ வந்தது. வயலில் இருந்த பூச்சி முழுவதும் அன்று மேடைக்கு வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

மேகங்கள்தான் முதலில் கலைந்து ஓடின. மயில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு ஒரு வண்டு அதன் சட்டைக்குள் போனது.

"ஐயோ!" என்று யதுர்ஷிகா கத்திய சத்தம் வீதிவரை கேட்டது. மேடையிலிருந்து குதித்து வகுப்பறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டு வெளியே வந்த பிறகும் அவள் வெளியே வரவில்லை.

"நான் ஆடமாட்டன்," என்றாள் உள்ளே இருந்து.

"சின்னப் பூச்சிதானேடி," என்றாள் நஃப்லா. அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"உன்ர முதுகில ஊரேல்லைத்தானே! ஆர் இந்த லைற்றை எடுத்தது? நீதானே!"

நஃப்லா கதவடியிலிருந்து திரும்பி, எரிந்துகொண்டிருந்த நாலு ரியூப் லைற்றையும் பார்த்தாள்.

கமலாசனி ரீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சனிக்கிழமை காலமை வரைக்கும் பாப்பம். மயில் வராட்டி நடனத்தை வெட்டத்தான் வேணும். வெறும் மேகத்தை மேடையில ஏத்தி நான் என்ன செய்ய?"

யதுர்ஷிகா கார்த்திகையிலிருந்து பழகிய நடனம் அது. தண்ணீர் அள்ளப் போனாலும் அவளுடைய கை மயிலின் கழுத்தைப்போலத்தான் வளைந்திருக்கும். அது நஃப்லாவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்தும் வாய் திறக்கவில்லை. காய்ச்சலோ என்று உம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தா, வாப்பாவுக்குத் தேத்தண்ணியைக் குடுத்திட்டு வா," என்றார்.

வாப்பா பைறூஸ் வீட்டுக்குப் பின்னால் வயல் வரம்பில் நின்றார். அங்கே மூன்று தடியை முக்காலியாகக் கட்டி ஒரு பெற்றோல்மாக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டிருந்தார். கீழே அகலமான சட்டி. அதில் தண்ணீரும் மேலே கொஞ்சம் மண்ணெண்ணெயும். வெளிச்சத்துக்கு வரும் பூச்சி சட்டிக்குள் விழுந்து சாகும். நெல் கதிர் தள்ளும் காலத்தில் அந்தப் பக்கத்துக் கமக்காரர் பலரும் இப்படிப் பூச்சி விளக்கு வைப்பார்கள்.

நஃப்லா சட்டியைப் பார்த்தாள். தண்ணீரே தெரியாத அளவுக்குப் பூச்சி. தன் கையில் இருந்த அரிக்கன் லாம்பைப் பார்த்தாள். அதில் ஒரே ஒரு விட்டில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"வாப்பா, என்ர லாம்புக்கு ஏன் பூச்சி வரேல்ல?"

"எனக்கென்ன தெரியும்? பூச்சியைத்தான் கேக்கவேணும்," என்று வாப்பா தேநீரைக் குடித்தார்.

நஃப்லா அதைத்தான் செய்வதென்று முடிவெடுத்தாள்.

மறுநாள் ரீச்சரைக் கூட்டிக்கொண்டு மாயாண்டியின் கடைக்குப் போனாள். மூன்று ரியூப் லைற்றை மேசையில் வைத்தாள்.

"மாமா, உங்கட கடையில ஆக மங்கலான லைற் எது?"

மாயாண்டி அவளை மேலும் கீழும் பார்த்தார். "இருபது வருசமா இந்தத் தொழில் செய்யிறன். இப்பிடிக் கேட்ட முதல் ஆள் நீதான்."

"அண்டைக்கு நித்திரையில இருந்துதே, அந்த மஞ்சள் பல்ப்பில ஏழு தாங்கோ. ஒரு ரியூப் லைற் எங்களிட்டயே இருக்கட்டும். அரைப் பல்ப் உங்களுக்குத்தான் லாபம்."

மாயாண்டி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பிழை பிடிக்க முடியாததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அன்று பொழுதுபட அந்த ரியூப் லைற்றைப் பள்ளிக்கூட முற்றத்தின் ஒரு மூலையிலும் ஒரு மஞ்சள் பல்பை மறு மூலையிலும் கட்டினார்கள். இரண்டுக்கும் கீழே தண்ணீர் ஊற்றிய வெள்ளைக் கோப்பை ஒவ்வொன்று. கால் மணித்தியாலம் எரியவிட்டார்கள். வேடிக்கை பார்க்க யதுர்ஷிகாவும் வந்திருந்தாள். துவாயால் தலையையும் கழுத்தையும் சுற்றிக்கொண்டு தூரத்தில்தான் நின்றாள்.

ரியூப் லைற்றின் கோப்பையை நஃப்லா நூற்றி நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள். மஞ்சள் பல்பின் கோப்பையில் இருந்தது பதினொன்று.

யதுர்ஷிகா மெல்ல வந்து எட்டிப் பார்த்தாள். "பத்து. ஒண்டு புல்லு."

"பாத்தியே! பத்தே பத்து!"

"அந்தப் பத்தும் பூச்சிதானே. ஒண்டு போதும் என்ர சட்டைக்குள்ள போக."

கமலாசனி ரீச்சர் பெருமூச்சு விட்டார். நஃப்லா இரண்டு கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றில் கொள்ளாத கூட்டம். மற்றதில் பத்து.

"அப்ப இந்தப் பத்தையும் அங்க அனுப்புவம்," என்றாள்.

"எங்க?"

"ரியூப் லைற்றடிக்கு! அதை மேடைக்குக் கிட்ட வைச்சாத்தானே பிழை. தூரத்தில, வயல் கரையில கட்டுவம். கீழ வாப்பான்ர சட்டியை வைப்பம். பூச்சிக்கு அங்க விழா. எங்களுக்கு இங்க விழா."

யதுர்ஷிகா யோசித்தாள். துவாயைக் கழற்றவில்லை. ஆனாலும், "சட்டி பெரிசோ?" என்று கேட்டாள்.

"நீயே அதுக்குள்ள இருக்கலாம்."

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் ஆளுக்கொரு பிஸ்கற் தகரப் பேணி மூடி கொண்டுவந்தார்கள். பளபளப்பான பக்கம் முன்னுக்கு இருக்க, ஒவ்வொரு பல்புக்கும் பின்னால் ஒவ்வொன்றைக் கட்டியதும் மஞ்சள் வெளிச்சம் இரண்டு மடங்கானது. அன்று பொழுதுபட அந்த வெளிச்சத்தில் ஒருதரம் ஆடிப் பார்த்தார்கள். யதுர்ஷிகா துவாயோடுதான் ஆடினாள். ஆனால் பாதியில் நிற்கவில்லை.

சனிக்கிழமை ஆறரைக்கு ஜெனறேற்றர் உறுமியது. மேடையில் ஏழு பல்ப் எரிந்தது. நூறு அடி தள்ளி, பாதையோரமாக இருந்த வயல் கரையில் ரியூப் லைற் எரிந்தது. பூச்சிகள் யோசிக்கவே இல்லை. நேராக ரியூப் லைற்றுக்குப் போயின.

ஆனால் நஃப்லா ஒன்றை நினைக்கவில்லை. மனிதர்களும் அங்கேதான் போனார்கள்.

முதலில் ஒரு குடும்பம் பாயோடு வந்து ரியூப் லைற்றடியில் விரித்துக்கொண்டு இருந்தது. நஃப்லா ஓடிப்போனாள். "இங்க இல்லை மாமி! விழா அங்க! மங்கலாத் தெரியுதெல்லே, அதுதான்!" அவர்களை எழுப்பி அனுப்புவதற்குள் அடுத்த குடும்பம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வெள்ளை வேட்டியோடு இறங்கியவர் பிரதம விருந்தினர், கூட்டுறவுச் சங்கத்து அப்புத்துரை.

"எங்க பிள்ளை என்ர கதிரை?" என்று கேட்டார். ஒரு விட்டில் அவருடைய மூக்குக்குள் போகப் பார்த்தது.

"ஐயா, இது பூச்சிக்கு. உங்களுக்கு அங்க."

அப்புத்துரை ஐயா நாலு தும்மல் தும்மிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

நஃப்லாவால் அந்த இடத்தை விட்டு அசையவே முடியவில்லை. மயில் நடனத்தின் பாட்டுத் தொடங்கியபோது அவள் பிந்தி வந்த ஒரு தாத்தாவுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில், மஞ்சள் வெளிச்சத்துக்குள், ஒரு பச்சைப் பொட்டுச் சுற்றிச் சுற்றி அசைந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் வெகுநேரம் கேட்டது. நஃப்லாவும் தட்டினாள். சந்தோசமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பச்சைப் பொட்டு இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் யாரோ ஓடி வரும் சத்தம். யதுர்ஷிகா. மயில் உடுப்போடு, மூச்சு வாங்க வந்தாள்.

"ஒரு பூச்சிகூட வரேல்லையடி! நான் தோகை விரிச்சதைப் பாத்தியே? கடைசியில இருந்தெழும்பிச் சுத்தினதை?"

பார்த்தேன் என்று சொல்ல நஃப்லா வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"இல்லையடி. சனம் வந்துகொண்டே இருந்தது. ஒண்டுமே பாக்கேல்லை."

யதுர்ஷிகாவின் முகம் மாறியது. ரியூப் லைற்றை அண்ணாந்து பார்த்தாள். அதைச் சுற்றி ஆயிரம் பூச்சி பறந்தது. சட்டியைக் குனிந்து பார்த்தாள். அந்த வெளிச்சத்துக்கு வெளியே எல்லாம் ஒரே இருட்டு.

"அந்தக் கல்லில இரு," என்றாள். "தாளம் மட்டும் தட்டு."

பிறகு தோகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நேராக ரியூப் லைற்றுக்குக் கீழே வந்து நின்றாள். தலையில் இரண்டு விட்டில் இருந்தது. தோளில் ஒரு வண்டு ஊர்ந்தது. நஃப்லா தாளம் தட்டினாள்.

மயில் வாயை இறுக்க மூடிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை முழுவதையும் ஆடியது.