பெட்ரோல் மணக்கும் ரீஸ்லிங்

ஏகாம்பரம் தன் நாக்கை அணைத்துவிட்டு மறுபடி இயக்கினார். சுவைச் சபையில் ஒவ்வொரு புட்டிக்கு முன்னும் நடப்பதுதான் இது. நாக்கடியில் பதித்த சுவைச்சில்லு விழித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகும்; அதுவரை சபைத் தலைவரான அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள்.

எதிரே தாட்சாயணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். செவ்வாயின் ஏழாம் குவிமாடத்தில் பதினெட்டு ஆண்டுகளாக ரீஸ்லிங் திராட்சை வளர்ப்பவள். துளி இனிப்பில்லாமல் அவள் வடித்த வெள்ளை ஒயின், பன்னிரண்டு ஆண்டு நிலவறையில் முதிர்ந்து, இன்று மேசைக்கு வந்திருந்தது. சபை முத்திரை குத்தினால் கொடிகள் பிழைக்கும். இல்லாவிட்டால் அடுத்த வாரமே அவற்றைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு போட்டுவிடுவார்கள். முத்திரை கிடைக்கும் என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

ஏகாம்பரமும் உறுப்பினர் பியூலாவும் கோப்பையைச் சுழற்றி முகர்ந்தார்கள். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பினார்கள்.

"எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள். புளிப்பு பளிச்சுன்னு நிக்குது," என்றார் பியூலா. "மழையில நனைஞ்ச கல்லு வாசனையும் இருக்கு."

செவ்வாயில் பிறந்த யாரும் மழையைப் பார்த்ததில்லை. ஆனாலும் மூவரும் தலையாட்டினார்கள்.

"எல்லாம் சரிம்மா. ஆனா முதிர்ந்த ரீஸ்லிங்னா பெட்ரோல் மணம் வரணுமே," என்றார் ஏகாம்பரம். "பழைய நூலெல்லாம் அதைத்தானே கொண்டாடுது? இதுல என்னவோ ஒரு நெடிதான் அடிக்குது."

"அந்த நெடிதாங்கய்யா பெட்ரோல்!"

பெட்ரோல் தீர்ந்து இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. சில்லில் அதன் மாதிரி கிடையாது. 'உலகமே அடித்துக்கொண்ட திரவம்' என்ற குறிப்பு மட்டும்தான் உண்டு. இந்தச் சிக்கல் வரும் என்று தாட்சாயணிக்கு முன்பே தெரியும். அருங்காட்சியகத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த கண்ணாடிக் குப்பியை எடுத்து வைத்தாள். பூமியிலிருந்து வந்த கடைசிப் பெட்ரோல் அதன் அடியில் கொஞ்சமாகத் தேங்கியிருந்தது.

மூடியைத் திறந்ததும் பியூலா மூக்கைப் பொத்திக்கொண்டார். ஏகாம்பரத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருந்தும் கடமை தவறாமல் குப்பியையும் கோப்பையையும் மாறி மாறி முகர்ந்தார்.

"ரெண்டும் ஒரே ஜாடைதான். ஒத்துக்கறேன்."

தாட்சாயணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்தேவிட்டாள்.

"அதனாலதான் சொல்றேன், இந்தக் குப்பி போலி," என்றார் ஏகாம்பரம்.

"ஐயா! அருங்காட்சியகத்துச் சீல் இருக்குதுங்க!"

ஏகாம்பரம் சுவரைக் காட்டினார். அங்கே பூமியின் இரண்டு படங்கள் மாட்டியிருந்தன. ஒன்று அந்தக் காலத்து நீலப் பூமி. இன்னொன்று இப்போதுள்ளபடி, பழுப்பாக.

"பெட்ரோலை எரிச்சு எரிச்சுத்தானேம்மா அது இப்படி ஆச்சு? குடியிருக்கற வீட்டையே கொளுத்தற அளவுக்கு ஒரு பொருள் மேல ஆசை வெச்சிருந்தா, அது எப்படி மணந்திருக்கணும்! போயும் போயும் இந்த நாத்தத்துக்காகவா? நம்ம முன்னோருங்க என்ன, அவ்வளவு முட்டாளுங்களா?"

தாட்சாயணி பழுப்புப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புட்டியில் மிச்சமிருந்ததைத் தன் கோப்பையில் ஊற்றி, துப்பாமல் முழுக்கக் குடித்தாள். அருமையாக இருந்தது.

"இருக்காதுங்கய்யா," என்றாள். "மனுசங்க அப்படிச் செய்வாங்களா?"

முன்னோர்களின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு ஏகாம்பரம் நிராகரிப்பு முத்திரையைக் குத்தினார். ஏழாம் குவிமாடம் உருளைக்கிழங்குக்கு ஒதுக்கப்பட்டது.