தொட்டியில் இடமில்லை

தண்ணீர் கூடியிருந்தது.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு கையில் சீப்பும் மறு கையில் குடிதண்ணீர் டம்ளருமாக மீன்தொட்டியின் முன் வந்து நின்றபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் கணவன் ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருந்தான். கடல்நீர்த் தொட்டியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிவிடும், குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும் என்று மீன்கடைக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் டேப்புக்கு மேலே ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் நின்றது. அவன் ஊற்றியிருப்பான் என்று நினைத்து, டம்ளரில் இருந்ததைத் தானே குடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

மறுநாளும் கூடியிருந்தது.

"நீங்க ஊத்துனீங்களா?"

"இல்லையே. நீ ஊத்துனேன்னு நெனச்சேன்," என்றான் அவன், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. தலை நிமிரவில்லை.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்குள் லென்ஸ் பொருத்துகிறவள். ஒரு மயிரிழை விலகினாலும் கண்ணில் படும். தனக்குத்தான் தப்பாகத் தெரிகிறது என்று அவளால் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

ரொம்பச் சின்னத் தொட்டி. கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்துத் தூக்கிவிடலாம். ஹாலில் ஜன்னலை ஒட்டிய அலமாரியின் மேல்தட்டில், முன்பு ஒரு பள்ளிக்கூடப் பையும் தண்ணீர் பாட்டிலும் இருந்த இடத்தில், நீல விளக்கோடு உட்கார்ந்திருந்தது. அதில் இருந்த தண்ணீர் கடையில் விற்கும் உப்பைக் கரைத்துச் செய்தது அல்ல. கடலிலிருந்தே வந்தது. போன கோடையில், கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்த அவர்கள் மகளை ஓர் அலை கொண்டுபோனது. வயதுக்குச் சின்ன உடம்பு என்பதால் எல்லோருக்கும் அவள் பொடிசுதான். விரிப்பை மடித்துவிட்டு இருவரும் நிமிர்ந்தபோது பொடிசு இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

தேடியவர்கள் சில நாளில் படகைக் கரையேற்றிவிட்டார்கள். அவன் விடவில்லை. வார நாட்களில் கட்டடம் கட்டடமாக ஏறி லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பான். ஞாயிறு வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு அதே கரைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவான். ஒரு ஞாயிறு இரண்டு கேன்களோடு திரும்பினான். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹால் நடுவில் அவற்றை இறக்கி வைத்தான்.

"வெறுங்கையோட வர முடியல," என்றான்.

கொட்டவும் மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் வழி தெரியவில்லை. வெறும் தண்ணீரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஒரு மீனை விட்டுவிட்டால் அது மீன்தொட்டி. அவ்வளவுதான் அவர்கள் யோசித்தது.

மீன்கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். முழங்கை வரை சட்டை நனைந்திருக்கும். தொட்டியின் அளவை அவன் கைகளை விரித்துக் காட்டியதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதுக்கா? சார், சின்னத் தொட்டிதான் பெரிய தலைவலி. ஒரு மீன் செத்தாலும் மொத்தத் தண்ணியும் கெட்டுரும். ஏம்மா, அந்த நீல மீனைப் பாக்காதீங்க. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. அது வளந்தா சோத்துத் தட்டு சைஸுக்கு வரும். உங்க தொட்டியில அதை விடறது லிஃப்ட்டுக்குள்ள யானைய ஏத்துற மாதிரி."

லிஃப்ட் மெக்கானிக் சிரித்துவிட்டான். அத்தனை மாதத்தில் முதல்முறை. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"அப்போ எதுதான் ஒத்துவரும்ணே?"

"கோமாளி மீன். ஒண்ணே ஒண்ணு. ஒரு இடத்தைப் பிடிச்சுக்கிட்டா அங்கேயே கெடக்கும், ஊர் சுத்தாது. தனியா இருந்தாலும் ஏங்காது."

பூசணிப்பழ நிறம், வெள்ளைப் பட்டை. பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, நிதானமாகத் திறந்து விட்டார்கள். அது நேராக மேல்பக்கப் பின்மூலைக்குப் போனது. வாலைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு, முகத்தைத் தொட்டியின் நடுப்பக்கம் திருப்பி நின்றது. புது இடம், பழகட்டும் என்றான் அவன். பழகவில்லை. தீனி போட்டால் எட்டிப் பிடிக்க வரவில்லை. தொட்டி முழுக்கக் காலியாகக் கிடக்க, அந்த மூலையை மட்டும் விட்டு நகராமல், ஒன்றுமில்லாத நடுவையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து மூடித் திறந்து மூடி, ஒரு மாலை அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. தண்ணீர் கூடத் தொடங்கியது அதற்கு அடுத்த நாள்தான்.

"அப்போ கோபி மீன் எடுத்துட்டுப் போங்க," என்றார் கடைக்காரர். "மணல்லயே உக்காந்திருக்கும். தரையை விட்டு எழும்பாத சோம்பேறி."

விரல் நீளத்தில் மணல் நிற மீன். உள்ளே விட்டதும் மணலை நோக்கி இறங்கியது. பாதி வழியில் நின்றது. பிறகு சூடு பட்டதுபோல மேலே பாய்ந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டது. அது தரைக்குத் திரும்பவே இல்லை.

அன்று மாலை தொட்டி மோட்டாரின் உறுமல் தவிர வேறு சத்தமில்லாத வீட்டில், நீல வெளிச்சம் சுவரில் நெளிவதைப் பார்த்தபடி அவள் தொட்டியின் அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மணலில் இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. பக்கத்துப் பக்கத்தில், வட்டமாக, ஆழமில்லாமல். நீளக் கரண்டியால் மணலைச் சமப்படுத்தினாள். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து பார்த்தபோது பள்ளங்கள் திரும்ப இருந்தன. யாரோ முட்டி போட்டு உட்கார்ந்திருப்பதைப் போல. குனிந்து முகத்தை அருகே கொண்டுபோனாள். உப்பு வாடை இல்லை, பாசி வாடை இல்லை. வெயிலில் ஆடிவிட்டு வந்த குழந்தையின் உச்சந்தலை வாசனை. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

அவனோ தெளிந்துகொண்டு வந்தான். தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். குளிக்கும்போது விசிலடித்தான். ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது ஹாலில் பேச்சுக்குரல் கேட்டது. உள்ளே போனால் அவன் மட்டும், சட்டைக்கையைச் சுருட்டி, முழங்கை வரை ஈரமாக.

"யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"யாருமில்ல. தொட்டியில அழுக்கு எடுத்தேன்."

தண்ணீர் இப்போது விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் மாற்ற வேண்டும் என்று கேன்களைக் கட்டிக்கொண்டு அவன் கடலுக்குப் போனான். மதியத்திலிருந்தே வானம் மூடிக்கொண்டு மழை பிடித்தது. அவள் கடைக்காரரைக் கூப்பிட்டிருந்தாள். ஒரு வாளியும் பரிசோதனைச் சாமான்களுமாக, நனைந்துகொண்டே வந்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார். உப்பு சரி. சூடு சரி. எல்லாம் சரி. பிறகு கண்ணாடியில் ஒட்டியிருந்த கோபியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். 

"ஏன்ணே?"

"பெரிய மீன் ஒண்ணு உள்ள இருந்தா, சின்னது இப்படித்தாம்மா மூலையில ஒட்டிக்கும். வழி விட்டு நிக்கும்."

"உள்ள வேற எதுவும் இல்லையே."

"நமக்குத் தெரியல." சிவப்பு டேப்பைத் தொட்டுக் காட்டினார். "தண்ணி எப்போ கூடும்? உள்ள ஏதாவது இறங்குனாத்தானே கூடும்."

"அப்போ… இதுக்கு எந்த மீன்தான் சரியா வரும்?"

"எதுவும் வராதும்மா. இதுல இடமில்ல."

கோபியை வலையில் அள்ளி வாளியில் விட்டுக்கொண்டார். வாளியின் அடிக்குப் போனதும் அது துடுப்பைப் பரப்பிப் படுத்துக்கொண்டது, நாள்கணக்காக நின்ற கால் ஓய்ந்ததுபோல. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க எடுத்தீங்களோ அங்கேயே கொண்டுபோய் ஊத்திருங்க. வீட்டு ஆளு வர்றவரைக்கும் பாக்காதீங்க." படியிறங்கும் சத்தம் வேகமாகத் தேய்ந்தது.

அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. குளியலறை வாளியையும் ஒரு மக்கையும் எடுத்து வந்தாள். மொண்டு ஊற்றினாள். மொண்டாள், ஊற்றினாள். மோட்டாரை நிறுத்தியிருந்ததால் மழையும் மக்கின் சத்தமும் மட்டும். வாளி நிறைந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

தொட்டியில் தண்ணீர் குறையவில்லை.

மக் நழுவி உள்ளே விழுந்தது. எடுக்கக் கையை விட்டாள். மணிக்கட்டு நனைந்தது. முழங்கை நனைந்தது. மணல் தட்டுப்பட்டிருக்க வேண்டும். தட்டுப்படவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெளிந்த தண்ணீர், அடியில் மணல், மணலில் மக், அதைத் தொட்டும் தொடாமலும் அவளுடைய விரல்கள். கைக்கோ அடியே இல்லை. தண்ணீர் சில்லென்று கீழே, இன்னும் கீழே, போய்க்கொண்டே இருந்தது.

ஏதோ அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்தது.

அவள் மூச்சு விடவில்லை. ரோடு தாண்டும்போது பொடிசு பிடிக்கும் பிடி. முழுக் கையையும் பிடிக்க மாட்டாள். சுண்டுவிரலை மட்டும், ஐந்து விரலாலும் சுற்றி. நகம் கடித்த நுனிகள். ஈரத்தில் ஊறிய மென்மை. அதே சூடு.

"பொடிசு," என்றாள். "அம்மாடா. அம்மா இங்கதான் இருக்கேன்."

பிடி இறுகியது. பயமெல்லாம் போயிற்று. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவள் சந்தோஷமாக இருந்தாள்.

பிறகு இன்னொரு கை.

மோதிர விரலைப் பிடித்தது. பெரிய கை. தோல் தடித்த, கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அதன்மேல் இன்னொன்று. வளையல் போட்ட மணிக்கட்டு. இன்னொன்று, ரொம்பச் சின்னது, இன்னும் நடக்கவே பழகாத ஒன்றுடையது. எதுவும் இழுக்கவில்லை. கிள்ளவில்லை. பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான். ரொம்ப நாளாகக் கடலுக்குள் யாராவது வருவார்களா என்று காத்துக்கிடந்தவை பிடித்துக்கொள்வதைப் போல.

அந்த நெருக்கலில் சுண்டுவிரலின் பிடி நழுவியது.

"இல்ல… இல்ல, இரு—"

கதவு திறந்தது. அவன். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, இரண்டு கையிலும் கேன்கள். தொட்டிக்குள் இருந்த அவள் கையைப் பார்த்தான். கேன்களை மெதுவாக இறக்கி வைத்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"உன்னையும் பிடிச்சுக்கிட்டாளா?"

அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

"நீ பயந்துருவேன்னுதான் சொல்லல," என்றான், அருகில் வந்து அவள் தோளைத் தொட்டு. அழுதான், சிரித்தான். "தெனமும் ஒரு நிமிஷம் பிடிப்பா. அப்புறம் விட்டுருவா. இடம் பத்தலையோ என்னவோ, மூச்சு முட்டுதோ என்னவோ. அதான் இன்னும் கொண்டு வந்திருக்கேன்."

அவன் கேனின் மூடியைத் திருகினான்.

ஊத்தாதீங்க என்று சொல்ல வேண்டும். அவ மட்டும் இல்லைங்க என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவன் அவளைப் பிடித்து இழுத்துவிடுவான். தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துவிடுவான். அங்கே, அத்தனை பேர் நடுவே, அந்த இருட்டில், பொடிசு தனியாக.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் விழுந்தது. விளிம்பைத் தாண்டி வழிந்து அலமாரியில் ஓடி அவள் பாதத்தை நனைத்தது. அவள் தோள்வரை கையை இறக்கினாள். கன்னம் தண்ணீரில் பட்டது. கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவள் தேடுவதுபோல ஒவ்வொரு கையாகத் தடவினாள். இது இல்லை. இது இல்லை. இதுவா? கேனிலிருந்து விழ விழக் கைகள் கூடின. அவள் தேடுவது அவற்றுக்கும் புரிந்துவிட்டது. அவளுடைய விரல் பட்டதும் ஒவ்வொரு கையும் மெல்ல விரிந்து, உள்ளங்கையை அவளிடம் காட்டி, தடவி முடிக்கும்வரை அசையாமல் காத்திருந்தது, என்னையா தேடுறே, என்னையா என்று.