ரோட்டில் காய்ந்த துளசி

ஆவுடைச்செல்விக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. சனிக்கிழமை விடியலில் குனிந்தவள், வெயில் ஏறிய பிறகுதான் நிமிர்ந்தாள். இரண்டு சாக்குத் துளசி பறித்தாயிற்று.

சங்கரன்கோவிலுக்கு வெளியே அவர்கள் வயலில் இரண்டு பாத்திகள். ஒன்றில் அப்பா துரைப்பாண்டி விதை போட்டு வளர்த்த துளசி. இன்னொன்றில், ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிக்குள் முளைக்கவைத்த துளசி. கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஹஸ்னா பானு அக்கா கொடுத்த கன்றுகள் அவை.

எந்த இலையில் வாசனை எண்ணெய் அதிகம் என்று அக்கா சோதிக்கப் போகிறார். அப்பாவின் துளசி தோற்றால் மருந்துக்கு இலை வாங்குபவர் அதைத் தொடமாட்டார். பாத்தியையே அழிக்க வேண்டியதுதான்.

"ரெண்டையும் நிழல்லதான் காயவைக்கணும்" என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

குப்பித் துளசியை வீட்டுக்குள் பரப்பியதும் கால் வைக்க இடமில்லை. அந்தத் தெருவில் மிளகாயோ சோளமோ, எல்லாம் காய்வது தார்ரோட்டில்தான். ஆவுடையும் அப்பாவின் துளசியை அங்கே கொட்டிப் பரப்பினாள். சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வருவதற்குள் அப்பளம்போல் நொறுங்கி, சாக்குக்குள் போய்விட்டது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பத்து நாள் கழித்து அக்கா ஒரு தாளோடு வந்தார். அதில் மெஷின் போட்ட இரண்டு கோடுகள்.

"கிராம்புல ஒரு வாசனைப் பொருள் இருக்குல்லா? அது துளசியிலயும் உண்டு. நிறைய இருந்தா கோடு உசந்து நிக்கும்."

குப்பித் துளசியின் கோடு மலைபோல் நின்றது. அப்பா தன் கோட்டைத் தேடினார்.

"நம்மளது கரையான் புத்து மாதிரில்லா இருக்கு!" அவர் சிரிக்கவில்லை. "சரிம்மா. நாளைக்கே பிடுங்கிருதேன்."

ஆவுடை அக்காவின் பக்கம் நகர்ந்தாள். சொன்னால் அடி விழலாம். சொல்லாவிட்டால் செடி போய்விடும்.

"அக்கா, அப்பா துளசிய மட்டும் நான் ரோட்டுல காயப்போட்டேன்."

"ஏட்டி! அது என்ன மொளகா வத்தலா?" அப்பா கத்தினார்.

அக்கா தலையில் கைவைத்தார். "வாசனையெல்லாம் வெயில்ல பறந்திருக்கும் மக்கா. மறுபடி சோதிக்கலாம். ஆனா மெஷினுக்கு வரிசை இருக்கு. அடுத்த முறை என்கூட ஆராய்ச்சி பண்ற எபினேசரோடது. அவன் வயல்ல எலுமிச்சைப்புல் வச்சிருக்கான்."

"அவங்களுக்கு ஒரு போன் போட்டுத் தாங்கக்கா."

போனை வாங்கி ஆவுடையே பேசினாள். "அண்ணாச்சி, உங்க முறைய எங்க துளசிக்குத் தருவியளா? பதிலுக்கு ஒருநாள் உங்க புல்ல அறுத்துத் தாரேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "ஒரு நாளா? ரெண்டு நாள்னா சரி."

"ரெண்டு நாளே வாரேன். லீவு நாள்லதான் வருவேன், சொல்லிட்டேன்."

இந்த முறை இரண்டு பாத்தியிலும் புதிதாகப் பறித்தார்கள். அப்பா கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டார். இரண்டு துளசியும் வீட்டுக்குள்ளேயே, தனித்தனியாக, ஒரே நிழலில் காய்ந்தன. ஐந்து நாள் வீடே கமகமத்தது. சோற்றில்கூடத் துளசி வாசம்.

புதுத் தாளில் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒரே உயரம். அப்பா அதை மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, தன் துளசிப் பாத்திக்கு வாய்க்காலைத் திறக்க மண்வெட்டியோடு வயலுக்குப் போனார்.

எபினேசர் அண்ணாச்சிக்கு ஆவுடை தரவேண்டிய இரண்டு நாள் புல்லறுப்பு இன்னும் பாக்கி.